மாமாவின் வெண்டையும் மஞ்சளடித்த உளுந்தும்

அன்புள்ள ஐயாவுக்கு,

வெள்ளைப் பணியாரம் பற்றிய கட்டுரையில் ‘உளுந்துக்கும் வெண்டைக்கும் வருவது ஒரே மஞ்சள் நோய்தான்’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அந்த வரியால் எங்கள் வீட்டில் சண்டை. தை அறுப்புக்கு அப்புறம் கிணற்றுத் தண்ணீரை நம்பிக் கொஞ்சம் உளுந்தும் பாசிப்பயறும் போட்டோம். வரப்புக்கு அந்தப் பக்கம் மாமாவின் வெண்டை. அது மஞ்சளாகி இரண்டு வாரத்தில் எங்கள் உளுந்தும் மஞ்சளடித்துவிட்டது. சித்தப்பா உங்கள் கட்டுரையைப் படித்துக் காட்டியே மாமாவை வெண்டையைப் பிடுங்க வைத்துவிட்டார். இன்னொன்று. போன வருஷம் இதே வயலில் பயறு மஞ்சளாகி உளுந்து தப்பியது. இந்த வருஷம் நேர்மாறு. ஒரே நோய் என்றால் அது எப்படி?

— ஒரு வாசகர், கல்லல்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் மாமாவிடம் என் மன்னிப்பைச் சொல்லிவிடுங்கள். அந்த வரி தப்பு. பச்சரிசி அளந்த டம்ளரின் தலையில் உளுந்தைக் கோபுரமாகக் குவிக்கும் கணக்கைச் சொல்லிக்கொண்டே வந்தவன், தெரியாத இடத்தில் காலை வைத்துவிட்டேன்.

இலையைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். வெண்டையில் நரம்புதான் முதலில் மஞ்சளாகும். இலையின் மேல் மஞ்சள் நூலால் வலை பின்னியது போலிருக்கும். உளுந்தில் அப்படியில்லை. பச்சையும் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாகச் சிதறி, போகப் போகத் துளிர் இலை முழுக்க மஞ்சளாகவே வரும். இரண்டும் ஒரே பெரிய குடும்பத்து வைரஸ்கள், இரண்டையும் பரப்புவது வெள்ளை ஈ. உறவு அவ்வளவுதான். வெண்டையின் வைரஸ் உளுந்தில் குடியேறாது, உளுந்தினுடையது வெண்டையில் குடியேறாது.

ஆனால் சித்தப்பா சொன்னதில் பாதி நிஜம். வெண்டை இலையை விடியற்காலையில் மெல்லத் திருப்பிப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் அளவில், மாவு சிந்தியது போல ஈக்கள் உட்கார்ந்திருக்கும். அங்கே பெருகிய ஈ வரப்பைத் தாண்டி உங்கள் வயலுக்கு வந்திருக்கலாம். அது உளுந்துக்குக் கொண்டுவந்த சரக்கு மட்டும் வேறெங்கோ ஒரு பயறுச் செடியில் ஏற்றியது.

உளுந்தைத் தாக்கும் வைரஸின் பெயரே பாசிப்பயறு மஞ்சள் தேமல் வைரஸ்தான். முதலில் பயறில் பார்த்தார்கள், அந்தப் பெயர் நின்றுவிட்டது. எங்கள் தெருவில் ஒரு ‘ரங்கூன் வீடு’ உண்டு. இப்போது அங்கே இருப்பவர்கள் யாரும் ரங்கூனைக் கண்ணால் பார்த்ததில்லை. இந்தப் பெயரும் அந்த மாதிரிதான். பயறு, உளுந்து, சோயா என்று பல பயறுவகைகளில் இது தங்கும். இதற்கு நெருங்கிய பங்காளிகள் மூன்று உண்டு: வட இந்தியாவில் அதிகம் காணப்படும் ‘பாசிப்பயறு மஞ்சள் தேமல் இந்தியா வைரஸ்’, கொள்ளின் பெயரில் ஒன்று, மொச்சையின் பெயரில் ஒன்று. எது ஒரே இனம், எது தனி இனம் என்று பிரிக்க ஒரு கோடு வைத்திருக்கிறார்கள். மரபுப்பொருளின் முதல் வளையம் 91 சதவீதத்துக்குக் குறையாமல் ஒத்துப்போனால் ஒரே இனம்.

‘முதல்’ வளையம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு, உங்கள் இரண்டாவது கேள்வியின் நூல்முனை அங்கேதான் இருக்கிறது. இந்த வைரஸின் மரபுப்பொருள் இரண்டு தனித்தனி டிஎன்ஏ வளையங்கள். ஒவ்வொன்றிலும் சுமார் 2,700 எழுத்துகள். ‘ஏ’ வளையம் வைரஸ் பெருகவும் மேலுறை கட்டவும். ‘பி’ வளையம் செடிக்குள் ஒரு செல்லிலிருந்து இன்னொன்றுக்கு நகர. பயறுவகைகளுக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் இருக்கும் வம்பன் உங்களுக்குத் தெரிந்திருக்கும். புதுக்கோட்டையைத் தாண்டி ஆலங்குடிப் பக்கம். அங்கே மஞ்சளடித்த உளுந்திலிருந்து எடுத்த வைரஸை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தார் பிரித்துப் பார்த்து 2004-இல் எழுதினார்கள். ‘ஏ’ ஒன்றுதான் இருந்தது. ‘பி’ மட்டும் ஐந்து விதம்!

அதில் இரண்டு ‘பி’களை, அதே ‘ஏ’யுடன் தனித்தனியே ஜோடி சேர்த்து, ஒரு மண் பாக்டீரியா வழியாகச் செடிகளுக்குள் செலுத்தினார்கள். கேஏ 22 என்ற ‘பி’ சேர்ந்தபோது உளுந்தில் மஞ்சள் கடுமையாக வந்தது. கேஏ 27 சேர்ந்தபோது பாசிப்பயறில். ஒரே வைரஸ்தான், ஒரு வளையம் மாறியதும் அது அதிகமாகத் தாக்கும் பயிரும் மாறிவிட்டது.

உங்கள் வயலில் நடந்ததும் இதுதான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஒரு தடவை பட்டது போதும். விதை ரகம், விதைத்த தேதி, ஈ வந்த நேரம் என்று எது மாறினாலும் பயிருக்குப் பயிர் பாதிப்பு மாறும். போன வருஷமும் இந்த வருஷமும் என்ன ரகம் போட்டீர்கள் என்று கடிதத்தில் இல்லை. சரி, அடுத்த தடவை வம்பன் 8 மாதிரித் தாங்கும் ரகமாகக் கேட்டு வாங்குங்கள். முதல் மஞ்சள் செடி தலைகாட்டியதுமே பிடுங்கி அழித்துவிடுங்கள். வயலில் மஞ்சள் ஒட்டுப்பொறி வையுங்கள், ஓரத்தில் நாலு வரிசை சோளம் போடுங்கள். மஞ்சளடித்த பிறகு மருந்தடித்தால் ஈதான் சாகும். செடிக்குள் போன வைரஸ் அங்கேயே இருக்கும்.

சித்தப்பாவிடம் பேசும்போது ஈ விஷயத்தை முதலில் சொல்லுங்கள், வெண்டை விஷயத்தை அப்புறம். மாமாவிடம் மாற்றிச் சொல்லுங்கள்.