பொதுக் கிணற்று மோட்டாரிலிருந்து வேலிக்குக் கரண்ட்: பன்றி செத்தால் வழக்கு யார் மேல்?

கேள்வி: வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு ஈரோடு மாவட்டம், அந்தியூர் பக்கம். கூட்டுப் பட்டாவில் அப்பா பங்காக வந்த இரண்டு ஏக்கரில் மரவள்ளியும் மக்காச்சோளமும் போட்டிருக்கிறேன். பக்கத்துப் பங்கு பெரியப்பா மகனுடையது. கிணறும் மோட்டாரும் எங்கள் இருவருக்கும் பொது. ஈபி சர்வீஸ் இறந்துபோன என் அப்பா பெயரிலேயே இருக்கிறது. மூன்று மாதமாகக் காட்டுப்பன்றித் தொல்லை தாங்க முடியவில்லை. ஒரே வாரத்தில் அரை ஏக்கர் மரவள்ளியைத் தோண்டிப் போட்டுவிட்டன. அண்ணன் இப்போது மோட்டார் ரூமிலிருந்து நேராக ஒயர் இழுத்து, ராத்திரி பத்து மணிக்கு மேல் அவர் வேலிக்குக் கரண்ட் விடுகிறார். போன வாரம் அதில் ஒரு பன்றி செத்தது. கறியைக் கூறு போட்டு எனக்கும் ஒரு பை கொடுத்தனுப்பினார். நான் வாங்கவில்லை. என் வரப்பிலும் கம்பி இழுத்துவிடலாம் என்கிறார். ‘பன்றியைச் சுடலாம் என்று கவர்மென்ட்டே சொல்லிவிட்டது, நீ எதற்குப் பயப்படுகிறாய்’ என்று கேட்கிறார். காடு எங்களுக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும். யானையும் எப்போதாவது வரும். ஏதாவது ஆனால் என் மேல் வழக்கு வருமா? சட்டப்படி பயிரைக் காப்பாற்ற என்ன வழி? பெயர் போட வேண்டாம்.

பதில்: முதலில் இன்றைக்கு ராத்திரி செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். சட்டம் அப்புறம்.

தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே மோட்டார் ரூமுக்குப் போங்கள். மெயினை இறக்கி, வேலிக்குப் போகும் ஒயரைப் பிரிக்கச் சொல்லுங்கள். கிணற்றிலும் மோட்டாரிலும் உங்களுக்குப் பாதிப் பாத்தியதை உண்டு. அதில் ஆபத்தான இணைப்பைத் துண்டிக்க நீங்கள் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் கம்பியையும் ஒயரையும் சுருட்டி எங்கேயும் ஒளித்து வைக்காதீர்கள். கரண்ட்டை நிறுத்துவது வேறு, தடயத்தை அழிப்பது வேறு. இரண்டாவது தனிக் குற்றம்.

இவ்வளவு அவசரமாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. இப்படி ஒரு வழக்கில் நான் ஆஜராகியிருக்கிறேன். சவுக்குக் குச்சி நட்டு, முழங்கால் உயரத்துக்கு ஒற்றைக் கம்பி கட்டியிருந்தார்கள். கம்பி குச்சியில் படாமலிருக்க பழைய பிவிசி பைப்பை விரல் நீளத்துக்கு நறுக்கி மாட்டியிருந்தார்கள். பார்த்தால் வெகு கவனமாகச் செய்த வேலை. அதில் இறந்தது பன்றியல்ல, ராத்திரி தண்ணீர் கட்டப் போன பக்கத்துத் தோட்டத்துக்காரர். பிரேதப் பரிசோதனை அறிக்கையில் வலது கணுக்காலுக்கு மேல் இரண்டு விரற்கடை அளவில் ஒரு தீக்காயம், அவ்வளவுதான். வேலி கட்டியவருக்கு அவர் மச்சான் முறை. இரண்டு குடும்பமும் கோர்ட் வராந்தாவில் எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை இன்னும் மறக்க முடியவில்லை. உங்கள் தோட்டத்தில் த்ரீ ஃபேஸ் வரும் நேரத்துக்கு ராத்திரி யார் போகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள், அண்ணன், அண்ணன் வீட்டுப் பிள்ளைகள்.

சரி, சட்டத்துக்கு வருவோம்.

காட்டுப்பன்றி வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. அதை வேட்டையாடப் பிரிவு 9 தடை விதிக்கிறது. ‘வேட்டை’ என்றால் துப்பாக்கி தூக்குவது மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் சொல்லும் வேட்டையில் கொல்வது, விஷம் வைப்பது, கண்ணி வைப்பது, பொறியில் பிடிப்பது எல்லாம் அடக்கம். அதற்கான முயற்சியும் அடக்கம். ஆகவே பன்றி சாகாவிட்டால்கூட, சாகட்டும் என்று கரண்ட் விட்டதே வழக்குக்குப் போதும். 2022-ல் திருத்திய சட்டப்படி இதற்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வேட்டையாடப்பட்ட விலங்கும் அதன் இறைச்சியும் பிரிவு 39-ன்படி அரசாங்கச் சொத்து. கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். அந்தப் பையை வாங்காமல் திருப்பி அனுப்பினீர்களே, உங்களுக்கு நீங்களே செய்துகொண்ட பெரிய உதவி அது.

இதே கம்பியில் யானை சிக்கினால் கணக்கே வேறு. யானை முதல் அட்டவணை விலங்கு. குறைந்தபட்சமே மூன்று ஆண்டு சிறை, ஏழு ஆண்டு வரை போகலாம், அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. ‘நான் பன்றிக்குத்தான் வைத்தேன்’ என்ற வாதத்தை நம்பி யாரும் தூங்கப் போக வேண்டாம். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே பன்றிக்காகப் போட்ட திருட்டு மின்வேலியில்தான் மூன்று யானைகள் ஒரே இடத்தில் செத்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் மட்டும் தப்பின. தாய் விழுந்துவிட்டால் குட்டி அந்த இடத்தை விட்டு நகராது. அந்தப் படங்களைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் ஊருக்குப் பின்னால் இருக்கும் காட்டை 2024-ல் தந்தை பெரியார் வன உயிரினச் சரணாலயமாக அறிவித்தார்கள், 80,567 ஹெக்டேர். சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தையும் கர்நாடகத்து மாதேஸ்வரன் மலை, காவிரி சரணாலயங்களையும் இணைக்கும் காடு அது. யானை எப்போதாவதுதான் வரும் என்கிறீர்கள். என்றைக்கு வரும் என்று உங்களால் சொல்ல முடியாதே.

மனிதர் இறந்தால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 106 வரும். அஜாக்கிரதையால் மரணம், ஐந்து ஆண்டு வரை சிறை. ஆள் நடமாட்டம் தெரிந்தே கரண்ட் விட்டிருந்தால் கொலையாகாத மரணம் என்று பிரிவு 105-க்கும் போகலாம். ‘என் நிலத்துக்குள் வந்தது அவன் தப்பு’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. இதை உச்ச நீதிமன்றம் எப்போதோ தீர்த்துவிட்டது. செருபின் கிரிகோரி எதிர் பீகார் மாநிலம் என்ற வழக்கு, 1964 தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது. பக்கத்து வீட்டுக் கழிப்பறைச் சுவர் இடிந்து விழுந்ததால் அந்த வீட்டார் இவருடைய கழிப்பறைக்கு வரத் தொடங்கினார்கள். அதைத் தடுக்க இவர் வழியில் கரண்ட் கம்பியை வைத்தார். ஒரு பெண் இறந்துபோனார். அத்துமீறி வந்தவர் என்பதற்காக உயிருக்கு உலை வைக்கும் பொறி வைக்க நிலத்துக்காரருக்கு உரிமையில்லை என்று சொல்லித் தண்டனையை நீதிமன்றம் உறுதி செய்தது. அறுபது வருடம் ஆகியும் மின்வேலி வழக்கு எது வந்தாலும் நாங்கள் முதலில் புரட்டுவது இந்தத் தீர்ப்பைத்தான்.

இனி உங்கள் முதல் கேள்வி. சர்வீஸ் அப்பா பெயரில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக உங்கள் மேல் குற்றம் வந்துவிடாது. கம்பி கட்டியவரும் ஸ்விட்ச் போட்டவரும்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். ஆனால் கரண்ட் விடுவது உங்களுக்குத் தெரியும். பொது மோட்டாரிலிருந்து போகிறது. உங்கள் பயிருக்கும் அதனால் பலன். இந்த மூன்றும் சேர்ந்தால் விசாரணையில் உங்களையும் கூட்டாளியாகக் காட்டுவது கஷ்டமில்லை. உங்கள் வரப்பில் ஒரு முழக் கம்பி ஏறிவிட்டால் நீங்கள் சாட்சி இல்லை, எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர். மின்சாரச் சட்டம், 2003-ன் பிரிவு 135-ம் இருக்கிறது. பாசனத்துக்குக் கொடுத்த இலவச மின்சாரத்தை வேலிக்கு விடுவது மின் திருட்டு. மூன்று ஆண்டு வரை சிறை உண்டு என்பது ஒரு பக்கம், கண்டுபிடித்த அன்றே இணைப்பைத் துண்டிக்கலாம் என்பது இன்னொரு பக்கம். அப்படி நடந்தால் அண்ணன் பயிரோடு உங்கள் பயிரும் காயும்.

அதனால் அண்ணனிடம் வாயால் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். ஒரு தாளில், இந்தத் தேதியில் இணைப்பைப் பிரித்தேன், பொது சர்வீஸிலிருந்து வேலிக்குக் கரண்ட் எடுப்பதற்கு எனக்குச் சம்மதமில்லை என்று எழுதி, ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். ஒரே வாசலில் புழங்குகிறவருக்குத் தபால் அனுப்புவது சங்கடம்தான். ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு முதலில் பேசுங்கள், தபாலும் அனுப்புங்கள். மீண்டும் கரண்ட் விட்டார் என்றால் அந்த நிமிடமே ஈபி அலுவலகத்துக்குச் சொல்லிவிட வேண்டும். அதில் பங்காளி உறவு பார்க்காதீர்கள், அண்ணன் உயிரும் அதில்தான் இருக்கிறது. நடந்துபோன பன்றி விஷயத்தில் வனத்துறை கூப்பிட்டு விசாரித்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அண்ணனுக்குத் தனி வக்கீல் வைக்கச் சொல்லுங்கள். உங்களுக்கும் அவருக்கும் ஒரே வக்கீல் இந்த விஷயத்தில் சரிப்படாது. சர்வீஸைப் பெயர் மாற்றுவதற்கும் வாரிசுச் சான்றிதழ் வைத்து இப்போதே எழுதிக் கொடுங்கள்.

‘சுடலாம்’ என்ற பேச்சு பாதி உண்மை. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது மூன்று வளையம். காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை பன்றியைத் தொடக்கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விடலாம். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் மட்டும் சுடலாம், அதுவும் பயிற்சி பெற்ற வனத்துறை ஆட்கள்தான் சுட வேண்டும். விவசாயிக்கு எந்த வளையத்திலும் கொல்லும் உரிமை தரப்படவில்லை. நீங்கள் சொல்லும் இரண்டு கிலோமீட்டர் சரியென்றால் உங்களுக்குக் கிடைப்பது கூண்டு. தன் உயிரையோ பிறர் உயிரையோ காப்பாற்ற நல்லெண்ணத்தோடு விலங்கைக் கொன்றால் குற்றமில்லை என்று பிரிவு 11 சொல்கிறது. அந்த விலக்கு உயிருக்கு மட்டும்தான். பயிருக்கு ஆபத்து என்றால் அதிகாரியின் எழுத்து மூலமான உத்தரவு வேண்டும்.

இந்த வளையக் கணக்கு சிலருக்கு எரிச்சலாக இருக்கிறது. எனக்கு அதில் நியாயம் தெரிகிறது. காட்டோரத்தில் பன்றி என்பது புலிக்கும் சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் சாப்பாடு. அதை ஒழித்தால் சிறுத்தை உங்கள் பட்டி ஆட்டைத் தேடி வரும். ஊருக்கு உள்ளே, ஏரிக்கரைச் சீமைக் கருவேலப் புதரில் குடியிருக்கும் பன்றிக்கு எதிரியே இல்லை. ஒரு ஈற்றுக்கு நான்கு, ஆறு குட்டி போடும். பக்கத்திலேயே கிழங்கும் சோளமும். அங்கே பெருகத்தான் செய்யும். உங்கள் பன்றிகள் காட்டிலிருந்து வருகின்றனவா, பக்கத்துப் புதரிலிருந்து வருகின்றனவா என்று காலடித் தடத்தை வைத்துப் பாருங்கள். புதர்தான் என்றால் அதை வெட்டி அப்புறப்படுத்த ஊராட்சியில் மனு கொடுப்பது கூண்டைவிடப் பலன் தரும்.

வேலி போடவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. சோலார் வேலியில் எனர்ஜைசர் என்று ஒரு பெட்டி இருக்கும். அது பேட்டரியிலிருந்து எடுத்து, சுமார் ஒரு நொடிக்கு ஒரு முறை, கண் சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவாக ஒரு உதை கொடுக்கும். விலங்கு வலித்துப் பின்வாங்கும், சாகாது. மெயின் லைன் கரண்ட் விடாமல் பாயும். தசை இறுகி, தொட்டவரைப் பிடித்துக்கொள்ளும். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் உயிருக்கும் சாவுக்கும் உள்ள வித்தியாசம். 2023-ல் வந்த தமிழ்நாடு மின்வேலி விதிகளின்படி காப்புக்காட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் இந்த வகை வேலி போட மாவட்ட வன அலுவலரின் முன் அனுமதி வேண்டும். ஏற்கெனவே போட்டிருந்தால் பதிவு செய்ய வேண்டும். நீங்கள் அந்த எல்லைக்குள் வருகிறீர்கள். மானியம் பற்றி வேளாண்மைப் பொறியியல் துறையில் கேளுங்கள். அண்ணனும் நீங்களும் சேர்ந்து இரண்டு பங்கையும் சுற்றி ஒரே வேலியாகப் போட்டால் செலவு குறையும். பேச்சை அங்கிருந்து தொடங்கினால் கோபமும் குறையலாம்.

அவுட்டுக்காய், அதாவது தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டு வெடி, வைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பன்றிக்கு வைத்ததை யானை கடித்தால் வாய் சிதறி, தின்னவும் குடிக்கவும் முடியாமல் நாள்கணக்கில் கிடந்து சாகும். வெடிபொருள் சட்ட வழக்கும் சேரும்.

நஷ்ட ஈடு கேட்கவும் மறக்க வேண்டாம். பலர் ‘கிடைப்பது சொற்பம், அலைச்சல் மிச்சம்’ என்று விட்டுவிடுகிறார்கள். தொகை சொற்பம்தான், எனக்கும் அதில் வருத்தம் உண்டு. ஆனாலும் மனு கொடுங்கள். உங்கள் ஊரில் இத்தனை முறை பன்றி வந்தது என்று பதிவானால்தான் கூண்டு கேட்கவும் வேலி அனுமதி கேட்கவும் கையில் ஆதாரம் இருக்கும். சேதமான மரவள்ளியை உடனே உழுது விடாதீர்கள். வி.ஏ.ஓ.வும் வனவரும் வந்து பார்க்கும்வரை தோண்டிய குழியும் குளம்புத் தடமும் அப்படியே இருக்கட்டும். தேதி தெரியும்படி போனில் படம் எடுத்து வையுங்கள். பட்டா கூட்டாக இருப்பதால், சேதமான பகுதியில் சாகுபடி செய்வது நீங்கள்தான் என்பதற்கு உங்கள் பெயர் ஏறிய அடங்கல் (வி.ஏ.ஓ.விடம் இருக்கும் சாகுபடிப் பதிவேடு) வேண்டும். ஏறவில்லை என்றால் முதலில் வி.ஏ.ஓ.வைப் பார்த்து அதைச் சரி செய்யுங்கள். மனுவுக்குப் பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். அதுவும் ஆகாவிட்டால் மனுவைப் பரிசீலிக்க உத்தரவிடும்படி உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம்.

திங்கட்கிழமை வனச்சரக அலுவலகத்துக்குப் போகும்போது பட்டா நகல், அடங்கல், படங்கள், ஆதார், வங்கிப் புத்தக நகல், அதோடு மனு இரண்டு பிரதி. ஒன்றில் சீல் போட்டுத் தேதியோடு கையெழுத்து வாங்கிய பிறகு கிளம்புங்கள்.