பாட்டியின் ஏழு குடும்பச் சீட்டு
வணக்கம். பாட்டியின் தகரப் பெட்டியில் கிடைத்த ஏழு குடும்பச் சீட்டு, அதாவது ஏழு குடும்பத்தாரின் படங்களைச் சேர்த்து ஆடும் சீட்டுக்கட்டு, பழசா, மறுபதிப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். பூஞ்சை வாடை வேறு. முதலில் எண்ணுங்கள். குடும்பத்துக்கு ஆறு பேர், மொத்தம் 42 சீட்டு. அப்புறம் பூதக்கண்ணாடி வைத்து, சீட்டில் உள்ள தாத்தா படத்தின் கன்னத்தைப் பாருங்கள். புள்ளிகள் சின்னப் பூப்போல வரிசை தப்பாமல் நின்றால் ஆஃப்செட் அச்சு, அதாவது பிற்கால இயந்திர அச்சு. ஒழுங்கில்லாமல் சிதறியிருந்தால் பழைய கல்லச்சாக, அதாவது கல்லில் வரைந்து எடுத்த அச்சாக இருக்கலாம். உறையில் பார்கோடு இருந்தால் 1970களுக்கு முந்தியது இல்லை.

ஈரத்துணி மட்டும் வேண்டாம்! இங்கே மொரீஷியஸின் கியூர்பிப் ஊரில், மழைக்காலத்தில் நான் அப்படித் துடைத்து, ஒரு சீட்டில் இருந்த ரொட்டிக்காரர் மகளின் சிவப்புக் கவுனையே அழித்துவிட்டேன். நிழலில் காயவைத்து, முகக்கவசத்தோடு வெளியே நின்று மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். ஒன்றிரண்டு குறைந்தாலும் வீசிவிடாதீர்கள், படத்துக்காகவே சேர்ப்பவர்கள் உண்டு.