சுருக்குப்பையில் இருந்த கல்கண்டு

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 52. கும்பகோணத்துக்கு அருகில் ஓர் ஊரில் 28 ஆண்டுகளாகத் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் எனக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரியவந்தது. கடந்த சித்திரையில் எடுத்த மூன்று மாதச் சராசரிப் பரிசோதனையில் 8.4 என்று வந்ததும், மருத்துவர் இரண்டு மருந்துகள் கலந்த மாத்திரை ஒன்றைக் காலையும் இரவும் சாப்பிடச் சொல்லி, இனிப்பை அறவே குறைக்கும்படி எச்சரித்தார். ஒரு மண்டலம், அதாவது 48 நாள், இனிப்பைத் தொடுவதில்லை என்று சுவாமி படத்துக்கு முன்னால் நின்று முடிவெடுத்தேன். அதற்கென ஒரு நோட்டுப் போட்டு, அன்றன்று சாப்பிட்டதை எழுதி, பள்ளிப் பிள்ளைகளின் நோட்டைத் திருத்துவதுபோலவே பக்கத்தின் ஓரத்தில் சரிக்குறி போட்டுவந்தேன். 40 நாளும் சரிக்குறிதான்.

41-ஆம் நாள் என் நாத்தனார் மகளின் வளைகாப்பு. இலையில் அசோகா வைத்தார்கள். நான் கையால் மறித்தும், "ஒரு ஸ்பூன் சாப்பிட்டால் ஒன்றும் ஆகிவிடாது அண்ணி, என் பெண்ணுக்காகச் சாப்பிடுங்கள்" என்று நாத்தனார் தானே ஒரு கரண்டி எடுத்து வைத்தார். எனக்குச் சர்க்கரை என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். பக்கத்து இலையில் இருந்த என் கணவரும் "ஒரு நாள்தானே" என்றார். சாப்பிட்டேன். பிறகு இன்னொரு முறை நானே கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. ஆனால் முதல் கரண்டியை அவர் வைக்காமல் இருந்திருந்தால் இரண்டாவதற்கு இடமே இருந்திருக்காது.

அன்று இரவு எல்லோரும் தூங்கிய பிறகு, தாம்பூலப் பையில் இருந்த இரண்டு லட்டுகளையும் மைசூர்பாகையும் சமையலறையில் நின்றபடியே, விளக்கைக்கூடப் போடாமல் சாப்பிட்டு முடித்தேன். காகிதத்தைக் குப்பைக்கூடையில் வெங்காயத் தோலுக்கு அடியில் திணித்தேன். மறுநாள் அதை எப்படியோ பார்த்துவிட்ட என் மகன், "உனக்கு வாயைக் கட்டவே முடியாதாம்மா?" என்று மருமகளின் எதிரில் கேட்டான். 26 வயதுப் பிள்ளை, பெற்ற தாயிடம் கேட்கிற கேள்வியா இது? நான் அவனுக்கு ஒரு பதிலும் சொல்லவில்லை. நோட்டில் அந்தப் பக்கத்தில் சிவப்பு மையில் குறுக்கே கோடு போட்டேன். பிறகு நோட்டையே எடுத்துப் பரணில் போட்டுவிட்டேன்.

பயத்தில் வளைகாப்பு நடந்த அன்றிரவே ஒரு மாத்திரை கூடுதலாகப் போட்டுக்கொண்டேன். மறுநாள் காலை வழக்கமான மாத்திரையையும் போட்டுவிட்டு, பரிகாரமாக இருக்கட்டும் என்று மோரைத் தவிர எதையும் தொடவில்லை. பதினொன்றரை மணி வகுப்பில் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கரும்பலகை எழுத்து கலங்கியது. பக்கத்து வகுப்பு ஆசிரியை ஓடி வந்து சர்க்கரை போட்ட டீயைக் கொடுத்தார். அதையும் குடித்தேன். விரதம் முறிந்த மறுநாளே இன்னொரு தவறு. இன்றுவரை அந்த டீயை நினைத்தாலும் மனம் குறுகிப்போகிறது.

என் நாத்தனாரைப் போன்றவர்களுக்கு மற்றவரின் நோய் விளையாட்டாக இருக்கிறது. எனக்கு அப்படி இல்லை. இந்த நோய் என்ன செய்யும் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். என் அம்மா 11 ஆண்டுகள் இன்சுலின் போட்டுக்கொண்டார். வலது காலில் இரண்டு விரல்களை எடுத்த அன்று, "வாயைக் கட்டியிருந்தால் இந்த நிலைமை வந்திருக்குமா?" என்று நான் கேட்டபோது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. காரியம் முடிந்து அவருடைய பொருள்களை ஒழித்தபோது சுருக்குப்பையில் காகிதத்தில் மடித்த கல்கண்டு இருந்தது. "கடைசிவரை திருந்தவில்லை பார்" என்று என் அண்ணனிடம் காட்டினேன். அது பழைய கதை, இங்கே எதற்கு?

நான் கேட்க வந்தது இதுதான். நாத்தனார் வீட்டு விசேஷங்களுக்கு இனிமேல் போகாமல் இருப்பது தவறா? விட்ட இடத்திலிருந்து தொடங்குவதா, மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்குவதா? பத்து நாளாகத் தூக்கம் இல்லை. இவ்வளவு படித்தும் ஒரு கரண்டி அசோகாவுக்குத் தோற்றுப்போனேனே என்ற குற்றவுணர்விலிருந்து மீள வழி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பெயர் வேண்டாம், கும்பகோணம் அருகில்

*

அன்புள்ள சகோதரிக்கு,

மற்றதைப் பேசுவதற்கு முன் ஒரு கண்டிப்பு. மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. மாத்திரை போட்ட நாளில் பட்டினி கிடக்கவும் கூடாது. சர்க்கரை மாத்திரைகளில் சில, நாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைப்பவை. அப்படிப்பட்ட மாத்திரையை வெறும் வயிற்றில் கூடுதலாகப் போட்டால் இரத்தச் சர்க்கரை 70-க்கும் கீழே இறங்கி, வியர்வை, நடுக்கம், பார்வைக் கலக்கம், சில சமயம் மயக்கம் வரை கொண்டுபோகும். வகுப்பில் உங்களுக்கு நேர்ந்தது அநேகமாக அதுதான். நடந்ததை ஒன்றுவிடாமல் இந்த வாரமே உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். திட்டுவாரோ என்று தள்ளிப்போட வேண்டாம்.

அப்படியானால் அந்த ஆசிரியை கொடுத்த டீ உங்களுக்கு மருந்து. சர்க்கரை தாழ்ந்துவிட்டால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைக் கரைத்துக் குடிக்கச் சொல்வதும், கால் மணி நேரம் கழித்து மறுபடி சோதித்துப் பார்க்கச் சொல்வதும் மருத்துவர்களின் வழக்கமான அறிவுரை. உங்களைக் காப்பாற்றிய ஒரு குவளை டீயை நீங்கள் குற்றப்பட்டியலில் எழுதிவைத்திருக்கிறீர்கள். இதைப் படித்தபோதுதான் எனக்கு உங்கள் தாயாரின் சுருக்குப்பை நினைவுக்கு வந்தது.

உங்கள் கடிதத்தில் அசோகாவுக்கும் நாத்தனாருக்கும் கிடைத்த இடம் பெரிது. தாயாருக்குச் சில வரிகள்தான், அவற்றையும் "பழைய கதை" என்று நீங்களே மூடிவிட்டீர்கள். ஆனால் பத்து நாள் தூக்கத்தைக் கெடுக்கும் வலிமை ஒரு கரண்டி இனிப்புக்கு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. உங்கள் மகன் கேட்ட கேள்வியையும், ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்த அம்மாவிடம் நீங்கள் கேட்ட கேள்வியையும் அடுத்தடுத்து வைத்துப் படித்துப் பாருங்கள். ஏறக்குறைய ஒரே வாக்கியம். அந்த வாக்கியத்தை அவன் எங்கே கற்றுக்கொண்டான்? உங்கள் வீட்டில் இனிப்பு சாப்பிட்டவரைக் கேட்கும் கேள்வி அதுதான். நீங்கள் மகனுக்குப் பதில் சொல்லவில்லை. உங்கள் தாயாரும் சொல்லவில்லை, சுவர்ப்பக்கம் திரும்பினார். அவர் ஏன் திரும்பினார் என்பது அவர் காலமாகி ஆறு ஆண்டுகள் கழித்து உங்களுக்குப் புரிந்துவிட்டது, அதைத்தான் தாங்க முடியவில்லை என்று நான் நினைக்கிறேன்.

இந்த இடத்தில் உங்களுக்கு இதமாக ஒரு பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை. நீங்கள் அன்று கேட்டது தவறு. பயத்தில் கேட்டீர்கள், பாசத்தில் கேட்டீர்கள், எல்லாம் உண்மைதான். ஆனாலும் விரலை இழந்த நாளில் ஒருவரிடம் கேட்கக்கூடிய கேள்வி அது அல்ல. மருத்துவக் கணக்கிலும் அது பாதி உண்மைதான். பல ஆண்டுச் சர்க்கரையில் கால் நரம்புகள் மரத்துப்போய், ஒரு கல் குத்தியதோ செருப்பு கடித்ததோ தெரியாமல் புண் ஆழமாகிறது. இரத்த ஓட்டமும் குறைவதால் அது ஆற மறுக்கிறது. நோய் எத்தனை ஆண்டுகளுக்கு முன்பே தெரியாமல் இருந்தது, காலை யார் கவனித்துப் பார்த்தார்கள், சிகிச்சை எப்போது கிடைத்தது என்று அதற்குப் பின்னால் எத்தனையோ இருக்கும்போது, நாம் பார்த்தது நாக்கை மட்டும்தான்.

கல்கண்டுக்கு வருகிறேன். இதைச் சொன்னால் உங்கள் பாரம் கூடலாம் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்குச் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. அதனால் கைவசம் ஏதாவது இனிப்பு வைத்திருக்கும்படி மருத்துவர்களே சொல்வார்கள். உங்கள் தாயார் அதற்காக வைத்திருந்தாரா, ஆசைக்காக வைத்திருந்தாரா என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆசைக்காகவே வைத்திருந்தாலும், வயதான ஒரு பெண் சொந்த வீட்டில் இரண்டு கல்கண்டைக் காகிதத்தில் மடித்து இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டியிருந்தது என்றால், அந்த வீட்டில் ஒரு பரிசோதகர் இருந்திருக்கிறார். இப்போது அதே வீட்டில் நீங்கள் காகிதத்தை வெங்காயத் தோலுக்கு அடியில் ஒளிக்கிறீர்கள்.

நீங்கள் தோற்றதாகச் சொல்லும் அன்றைய நாளையே எடுத்துக்கொள்வோம். இரண்டு கரண்டி அசோகாவோடு அது முடிந்திருக்கலாம். இரவில் இரண்டு லட்டும் மைசூர்பாகும் ஏன் உள்ளே போயின? பசியினால் அல்ல. தலைக்கு மேல் போன வெள்ளம் சாண் போனால் என்ன, முழம் போனால் என்ன என்ற எண்ணத்தினால். கட்டுப்பாட்டோடு சாப்பிடுபவர்கள் ஒரு முறை தவறியதும் ஏன் முழுதாகக் கைவிடுகிறார்கள் என்பதை உளவியலாளர்கள் பல ஆண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள். 2007-இல் கிளேர் ஆடம்ஸ், மார்க் லியரி என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், கல்லூரி மாணவிகளுக்கு முதலில் ஒரு டோனட்டைக் கொடுத்துச் சாப்பிட வைத்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினரிடம் மட்டும், இதற்காக உங்களைக் கடிந்துகொள்ளாதீர்கள், எல்லோரும் இப்படிச் சாப்பிடுவதுண்டு என்ற பொருளில் சில வார்த்தைகள் சொன்னார்கள். பிறகு மிட்டாய்களை முன்னால் வைத்தபோது, உணவில் மிகுந்த கட்டுப்பாடு கொண்ட மாணவிகளில் அந்த ஆறுதலைக் கேட்டவர்கள், கேட்காதவர்களைவிடக் குறைவாகச் சாப்பிட்டார்கள். தன்னைக் கடிந்துகொள்வது காவலாக நிற்கும் என்று ஆசிரியர்களான நாம் நம்புகிறோம். பல நேரம் இரவு பதினொரு மணிக்குச் சமையலறைக்கு அனுப்புவதே அதுதான்.

நாத்தனாரைப் பற்றி நீங்கள் எழுதியதை நான் ஏற்கவில்லை. முதல் கரண்டியை அவர் வைத்திருக்கக் கூடாது, உண்மை. ஆனால் தாம்பூலப் பையை உங்கள் சமையலறையில் பிரித்தவர் அவர் இல்லை. தன் பெண்ணின் வளைகாப்பில் அண்ணி வாய் இனிக்கச் சாப்பிட வேண்டும் என்று நினைத்ததுதான் அவர் செய்த பிழை. விசேஷங்களுக்குப் போவதை நிறுத்தினால் அது அவருக்கான தண்டனையாக இருக்குமே தவிர உங்களுக்கான பத்தியமாக இருக்காது. அடுத்த முறை பந்தியில் உட்காரும் முன்பே அவரைத் தனியாக அழைத்து, "எனக்கு வைக்காதே, வைத்தால் எனக்குக் கஷ்டம்" என்று சொல்லிவிடுங்கள். கையால் இலையை மறிப்பதை நம் ஊரில் யாரும் மறுப்பாக எடுத்துக்கொள்வதில்லை, உபசாரமாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

பத்தியம் என்ற சொல்லைத் தெரிந்தே எழுதினேன். நீங்கள் எடுத்துக்கொண்டது விரதம். விரதத்துக்கு ஒரு தொடக்க நாளும் முடியும் நாளும் உண்டு. நடுவில் தவறினால் முறிந்துபோகும், பரிகாரம் கேட்கும். 48 நாள் முடிந்த மறுநாள் என்ன செய்வதாக இருந்தீர்கள் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. பத்தியம் அப்படியல்ல. மருந்து உள்ளவரை அதுவும் உண்டு. ஒரு வேளை தவறினால் அடுத்த வேளை சரியாகச் சாப்பிடுவதோடு முடிந்தது. விட்ட இடத்திலிருந்தா, முதலிலிருந்தா என்ற கேள்வியே அங்கே எழாது. மூன்று மாதச் சராசரிப் பரிசோதனையும் அப்படித்தான் பார்க்கிறது. இரத்தச் சிவப்பணுக்கள் சுமார் 120 நாள் வாழ்பவை. அவற்றில் சர்க்கரை எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதை அந்த எண் சொல்கிறது. நீங்கள் சரிக்குறி போட்ட 40 நாள்களும் அந்த இரத்தத்தில் அப்படியே இருக்கின்றன. ஒரு நாள் இரவு அவற்றை அழித்துவிடவில்லை. சிவப்பு மையால் அழித்தவர் நீங்கள்தான்.

நோட்டைப் பரணிலிருந்து எடுங்கள், ஆனால் சரிக்குறியும் தவறும் போடாதீர்கள். என்ன சாப்பிட்டோம், எப்போது, அப்போது யார் உடன் இருந்தார்கள் என்று மட்டும் எழுதுங்கள். இனிப்பு சாப்பிடுவதானால் ஒரு தட்டில் வைத்து, உட்கார்ந்து, வீட்டார் பார்க்கச் சாப்பிடுங்கள். மகனிடமும் பேசுங்கள். அவனைக் கண்டிப்பதற்காக அல்ல. அந்தக் கேள்வியை நீங்கள் யாரிடம் கேட்டீர்கள், அவர் என்ன செய்தார் என்பதை அவனுக்குச் சொல்வதற்காக. அவனுடைய பாட்டியின் கதை அது, அவனுக்குத் தெரிய வேண்டும்.

தாயாரிடம் இனிப் பேச முடியாது. ஆனால் அந்தக் கல்கண்டை நீங்கள் காட்டியது உங்கள் அண்ணனிடம். "கடைசிவரை திருந்தவில்லை" என்ற வார்த்தையோடு அவருக்குள்ளும் அம்மாவைப் பற்றிய ஒரு நினைவு தங்கியிருக்கும். அவரிடம் ஒரு நாள் உட்கார்ந்து, நான் அன்று சொன்னது சரியாக இல்லாமல் இருக்கலாம் அண்ணா என்று சொல்லுங்கள். வகுப்பறையில் உங்களுக்கு என்ன ஆனது என்பதில் தொடங்கினால் பேச்சு தானாக அங்கே போய்ச் சேரும்.

இன்னொன்று. நீங்களும் கைவசம் ஏதாவது வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும், மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். கல்கண்டு கரைய நேரமாகும் என்பதால் குளுக்கோஸ் பொடியைச் சொல்வார். சிறு பொட்டலம்தான். அம்மாவின் சுருக்குப்பையை இன்னும் எறியாமல் வைத்திருந்தால் அதிலேயே அடங்கும்.