கேமராவையும் பேட்டரியையும் ஒரே பையில் போட்டு பீரோவில் வைத்துவிடலாமா?

மாதம் ஒரு தடவைதான் கேமராவை எடுப்பேன், மற்ற நாட்களில் பையோடு பீரோவில் வைத்துவிடலாமா, பேட்டரியை ஃபுல் சார்ஜ் போட்டு உள்ளேயே விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே வேண்டாம்.

நான் சென்னையில் கல்யாணப் படம் எடுப்பவன். முகூர்த்த மாதங்களில் தினம் அடிபட்டு, வியர்வையில் நனைந்து, மஞ்சள் அரிசி எல்லாம் மேலே விழுந்தும் கேமரா நன்றாகவே இருக்கும். வேலை இல்லாத ஆடியிலும் மார்கழியிலும்தான் அதற்கு வியாதி வருகிறது. அதிலும் மார்கழி, மழை ஓய்ந்து சுவரெல்லாம் ஓதம் ஏறி நிற்கும் நேரம். கேமராவுக்கும் லென்ஸுக்கும் ஈரம் ஆகாது. பேட்டரிக்குச் சூடு ஆகாது. இரண்டின் எதிரியும் வேறு என்பதால் வைக்கும் இடமும் வேறாக இருக்கட்டும்.

முதலில் பை. வெளியே தூக்கிப் போவதற்கு அதைவிட நல்லது இல்லை. ஆனால் உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சும் துணியும் மண்டபத்து வியர்வை, மழைச்சாரல் எல்லாவற்றையும் குடித்து வைத்திருக்கும். ஜிப்பை மூடியதும் அந்த ஈரம் முழுக்க லென்ஸுக்குத்தான். பழைய தோல் உறை அதைவிட மோசம். பீரோவில் இன்னொரு தொல்லை, அந்துருண்டை. நாப்தலீன், கற்பூர உருண்டைகளோடு கேமராவை வைக்காதீர்கள் என்று நிக்கான் கையேடுகளிலேயே போட்டிருக்கும். பட்டுப் புடவைக்கு நல்லது லென்ஸுக்கு நல்லது இல்லை.

ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றால் லென்ஸுக்குள் ஃபங்கஸ், அதாவது பூஞ்சை, பிடிக்க வாய்ப்பு அதிகம். சென்னையில் மழைக்காலத்தில் 80-க்கு மேல் இருப்பது சாதாரணம். உங்கள் லென்ஸில் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடலாம். லென்ஸைக் கழற்றுங்கள், பின்பக்கமிருந்து செல்போன் டார்ச்சை அடியுங்கள், முன்பக்கமிருந்து கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் தூசி, அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஓரத்திலிருந்து கிளை பிரிந்து சிலந்தி நூல் மாதிரி ஓடினால் ஃபங்கஸ். ஆரம்பத்திலேயே கொடுத்தால் சர்வீஸில் துடைத்துத் தந்துவிடுவார்கள். விட்டுவிட்டால் அது சுரக்கும் அமிலம் கண்ணாடியின் கோட்டிங்கை அரித்துவிடும். பிறகு துடைத்தாலும் தடம் போகாது.

தடுப்பதற்குப் பெரிய செலவு இல்லை. மூடியில் ரப்பர் வளையம் வைத்த காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் கொஞ்சம், ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர், அவ்வளவுதான். மீட்டர் 40-க்கும் 50-க்கும் நடுவில் நின்றால் போதும். இன்னும் காயட்டும் என்று ஜெல்லை அள்ளிக் கொட்டாதீர்கள். 30-க்குக் கீழே போய் அங்கேயே நின்றால் உள்ளே இருக்கும் கிரீஸும் ரப்பரும் காய்ந்துபோகும் என்பார்கள். ஜெல்லில் நீலம் ரோஸாக மாறினாலும், ஆரஞ்சு பச்சையாக மாறினாலும் ஈரம் குடித்து முடித்துவிட்டது என்று அர்த்தம். மெதுவாகச் சூடாக்கினால் பழைய நிறம் வந்துவிடும். நீல ரகத்தில் கோபால்ட் உப்பு இருப்பதால் சமையல் பாத்திரத்தில் வறுக்காதீர்கள், குழந்தைகள் கையிலும் படக்கூடாது. முடிந்தால் ஆரஞ்சே வாங்குங்கள். அரிசிக்குள் புதைத்து வைப்பது வாட்ஸ்அப் வைத்தியம். தவிடும் மாவும் பட்டன் இடுக்கில் போய் உட்காருவதுதான் மிச்சம்.

லென்ஸ் நான்கைந்து சேர்ந்துவிட்டால் டிரை கேபினெட், அதாவது உள்ளே ஈரப்பதத்தைத் தானே குறைத்து வைக்கும் கரண்ட் அலமாரி, வாங்கிவிடலாம். கேமராவோடு வரும் ஒரே ஒரு கிட் லென்ஸுக்கு அந்தச் செலவு அநாவசியம்.

எந்த டப்பாவில் வைத்தாலும் மாதம் ஒரு தடவை எடுத்து நாலு படம் எடுங்கள், ஜூமைத் திருப்புங்கள், லென்ஸுக்குக் கொஞ்சம் வெளிச்சம் காட்டுங்கள்.

இனி பேட்டரி. லித்தியம் அயான் பேட்டரியை முழு சார்ஜில் சும்மா வைத்திருந்தால் அது உள்ளுக்குள்ளேயே கிழடாகிக்கொண்டு வரும். சூடும் சேர்ந்துவிட்டால் இன்னும் வேகமாக. சுத்தமாகக் காலியாக விட்டாலும் ஆபத்துதான். ஓரளவுக்குக் கீழே இறங்கிவிட்டால் உள்ளே இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் கதவைச் சாத்திவிடும், சார்ஜரில் போட்டாலும் ஏறாது. அதனால் பாதி சார்ஜ், அதாவது 40 முதல் 60 சதவீதம் வரை வைத்து எடுத்து வைப்பதுதான் சரி. மூன்று, நான்கு மாதத்துக்கு ஒரு தடவை பார்த்து, இறங்கியிருந்தால் மறுபடி பாதிக்கு ஏற்றுங்கள். முழு சார்ஜ் ஷூட்டுக்கு முந்தின நாள் ராத்திரி போட்டால் போதும்.

கேமராவுக்குள்ளேயே ஏன் விடக்கூடாது? ஸ்விட்சை ஆஃப் செய்தாலும் சில கேமராக்கள் சொட்டுச் சொட்டாகக் கரண்ட் இழுத்துக்கொண்டுதான் இருக்கும். கழற்றியதும் பிளாஸ்டிக் மூடியைப் போட மறக்காதீர்கள். சில்லறைக்கும் சாவிக்கும் நடுவில் மூடி இல்லாத பேட்டரி கிடந்தால் ஷார்ட் ஆக ஒரு நொடி போதும். கேனானின் எல்பி-இ6 பேட்டரி வைத்திருந்தால் அதன் மூடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் போட்டால் ஓட்டை வழியாக நீலம் தெரியும், மறுபக்கம் போட்டால் தெரியாது. நீலம் தெரிந்தால் சார்ஜ் போட்டது, தெரியாவிட்டால் போடாதது என்று வைத்துக்கொள்ளலாம். மூடியே இல்லையென்றால் ஒவ்வொன்றையும் தனித்தனி பிளாஸ்டிக் கவரில் போடுங்கள்.

வைக்கும் இடம் வீட்டிலேயே குளிர்ச்சியான உள்ளறை அலமாரி. பரண் வேண்டாம், மொட்டை மாடித் தளம் கத்திரி வெயிலில் காய்ந்து அந்தச் சூட்டை நேரே பரணில் இறக்கும். ஃபிரிட்ஜ் மேலேயும் சூடுதான். ஃபிரிட்ஜுக்குள் வைப்பவர்களும் உண்டு. வெளியே எடுத்ததும் கான்டாக்டில் நீர் கோர்த்துக்கொள்ளும் என்பதால் எனக்கு அதில் இஷ்டமில்லை.

ஃபிளாஷ் இருந்தால் அதிலிருக்கும் ஏஏ செல்களையும் கழற்றிவிடுங்கள். சாதாரண அல்கலைன் செல் கசிந்தால் ஸ்பிரிங்கில் வெள்ளையாகப் பூத்து, ஃபிளாஷையே தின்றுவிடும்.

கழற்றும்போது பேட்டரி இறுக்கிப் பிடித்தாலோ, மேஜையில் படுக்கவைத்தால் ஆடினாலோ உப்பியிருக்கிறது. அதற்கு மேல் சார்ஜ் போடாதீர்கள், ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள். உள்ளே மாட்டிக்கொண்டால் சர்வீஸ் கடைதான். குப்பைத்தொட்டியிலும் போடக்கூடாது, அதன் மேலேயே குறுக்குக்கோடு போட்ட குப்பைத்தொட்டிப் படம் இருக்கும். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள்படி பழைய பேட்டரியைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேளுங்கள், இல்லாவிட்டால் மின்கழிவு வாங்குபவர்களிடம் கொடுங்கள்.

ஒரு சின்ன விஷயம் பாக்கி. பேட்டரியை நாள்கணக்கில் வெளியே வைத்தால் சில கேமராக்களில் தேதியும் நேரமும் அழிந்துவிடும். திரும்பப் போட்டதும் முதல் வேலையாக அதைச் சரி செய்யுங்கள். இரண்டு கேமரா வைத்து எடுக்கிறவர்கள் இதை விட்டுவிட்டால், கம்ப்யூட்டரில் நேரப்படி அடுக்கும்போது தாலி கட்டிய பிறகு மாப்பிள்ளை அழைப்பு வந்து நிற்கும்.