லாப்ரடார் பெட்டைக்குக் கருத்தடை ஆபரேஷன்: எப்போது செய்யலாம், கடுவனுக்கும் வேண்டுமா?

கேள்வி: எங்கள் வீட்டில் ஒன்பது மாதப் பெண் லாப்ரடார் வளர்கிறது. போன மாதம் முதல் முறையாக ஹீட் (இணை சேரும் பருவம்) வந்தது. குட்டி வேண்டாம் என்றால் ஆபரேஷன் செய்துவிடுங்கள் என்கிறார் டாக்டர். ஒரு ஈற்றாவது குட்டி போட்ட பிறகு செய்தால்தான் உடம்புக்கு நல்லது என்கிறார் மாமியார். கூடவே இரண்டு வயது ராஜபாளையம் கடுவனும் இருக்கிறது. ஹீட் நாட்களில் அவனை மாடியில் கட்டிவைத்தோம். இரண்டுக்கும் செய்ய வேண்டுமா?

பதில்: நாள் குறிப்பதற்கு முன்னால் பெட்டைக்கு வயிற்று ஸ்கேன் எடுத்துவிடுங்கள். ஒரே வீட்டில் கடுவன் இருக்கும்போது, மாடியில் கட்டிவைத்தோம் என்பதை மட்டும் நம்பி இருக்க முடியாது. இணை சேர்ந்ததிலிருந்து 25 முதல் 30 நாட்களில் அல்ட்ராசவுண்டில் குட்டிப் பைகளும் இதயத் துடிப்பும் தெரிந்துவிடும். நாயின் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள்தான், தள்ளிப்போட நேரமில்லை. சினை இருந்தாலும் கருப்பையோடு சேர்த்து எடுத்துவிட முடியும். ஆனால் நாள் ஏற ஏறக் கருப்பைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் பெருத்து, அறுவை கடினமாகும். ‘கலைக்க ஒரு ஊசி போட்டுவிடலாம்’ என்று யாராவது ஈஸ்ட்ரோஜன் ஊசியைச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது எலும்பு மஜ்ஜையைப் பாதித்து ரத்த அணுக்களைக் குறைக்கலாம். கருப்பையில் சீழ் பிடிக்கவும் வழிசெய்யும்.

சினை இல்லை என்றால், பெட்டைக்கு ஆபரேஷன் செய்துவிடுவதே நல்லது. கடுவனுக்கு அவசரமில்லை.

மாமியார் சொல்வது அக்கறையில் சொல்வதுதான். ஆனால் நாயின் உடம்பு நம் உடம்பைப் போல வேலை செய்வதில்லை. ஒவ்வொரு ஹீட்டுக்குப் பிறகும், சினை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஏறத்தாழ இரண்டு மாதம் உயர்ந்தே நிற்கும். அதனால் கருப்பையின் உள்சுவர் ஒவ்வொரு முறையும் தடிக்கிறது. வருடக்கணக்கில் இது திரும்பத் திரும்ப நடக்கும்போது சுவரில் நீர்க்கட்டிகள் தோன்றும், ஹீட் நேரத்தில் உள்ளே ஏறும் ஈ.கோலை கிருமி அங்கே தங்கிப் பெருகும். பயோமெட்ரா எனப்படும் கருப்பைச் சீழ் இப்படித்தான் வருகிறது. சுவீடனில் காப்பீடு செய்யப்பட்ட நாய்களின் பதிவுகளை ஆராய்ந்ததில், ஆபரேஷன் செய்யாத பெட்டைகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குப் 10 வயதுக்குள் இந்த நோய் வந்திருந்தது. ஒரு ஈற்று குட்டி போட்டால் இது வராது என்ற உத்தரவாதம் எதுவும் இல்லை. வந்த பிறகும் பெரும்பாலும் இதே ஆபரேஷனைத்தான் செய்ய வேண்டியிருக்கும். ஆனால் அப்போது காய்ச்சலும் வாந்தியுமாகச் சோர்ந்து கிடக்கும் வயதான நாய்க்கு, நள்ளிரவில்கூட, செய்ய நேரும்.

மடியில் வரும் கட்டியிலும் ஹீட்களின் எண்ணிக்கைக்குப் பங்கு உண்டு. 1969-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, ஆபரேஷன் செய்யாத நாயோடு ஒப்பிட்டால், முதல் ஹீட்டுக்கு முன் செய்த நாய்க்கு அபாயம் 0.5 சதவீதம், முதல் ஹீட்டுக்குப் பின் 8 சதவீதம், இரண்டாவதுக்குப் பின் 26 சதவீதம் என்று கணக்கிட்டது. அந்தச் சான்று அவ்வளவு வலுவானதல்ல என்று பிற்காலத்தில் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஆகவே எண்களை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். தாமதத்தில் பலன் குறைகிறது என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

அப்படியானால் நாளைக்கே செய்துவிடலாமா? கூடாது. ஹீட் முடிந்த சில வாரங்களில் கருப்பையில் ரத்த ஓட்டம் அதிகமாக இருக்கும், கசிவும் அதிகமாகும். அந்த ஹார்மோன் உச்சத்தில் சினைப்பைகளை எடுத்தால் புரொஜெஸ்டிரோன் சட்டென்று விழுந்து, பொய்ச்சினை கிளம்பலாம்: மடியில் பால் கட்டும், பொம்மையைக் குட்டியாக எண்ணிக் காவல் காக்கும். ஹீட் தொடங்கிய நாளிலிருந்து மூன்று மாதம் விட்டால் இந்த இரண்டு தொல்லையும் குறையும். லாப்ரடாருக்கு இன்னொரு காரணமும் உண்டு. எலும்பின் வளர்ச்சி முனைகள் மூடிக்கொள்ளப் பாலின ஹார்மோன் உதவுகிறது. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகம் இன வாரியாகச் செய்த ஆய்வில், ஒரு வயதுக்குள் ஆபரேஷன் செய்த லாப்ரடார் பெட்டைகளுக்கு மூட்டுக் கோளாறு கூடியது தெரிந்தது. அடுத்த ஹீட் பெரும்பாலும் ஆறேழு மாத இடைவெளியில் வரும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் உங்கள் நாய்க்கு 12 மாதம் நிறைந்ததும் செய்வது பொருந்தி வருகிறது.

அதுவரை ‘ஹீட் வராமல் இருக்க’ என்று மெட்ராக்ஸிபுரொஜெஸ்டிரோன் ஊசி போட்டுவிடாதீர்கள். சீழுக்குக் காரணமான அதே ஹார்மோன் வகையைத்தான் அது உடம்பில் ஏற்றுகிறது.

நம் ஊரில் ஆபரேஷனைக் கெடுக்கும் முக்கிய எதிரி உண்ணிதான். எர்லிகியா, பேபீசியா போன்ற உண்ணிக் காய்ச்சல்கள் வெளியே தெரியாமல் ரத்தத்தில் பதுங்கியிருக்கும். நாய் ஓடியாடிக்கொண்டிருக்கும், ஆனால் பிளேட்லெட் குறைந்திருக்கும், கத்தி பட்டதும் ரத்தம் உறையாமல் கசியும். அதனால் ஒரு வாரத்துக்கு முன் முழு ரத்தப் பரிசோதனையும், ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் சோதனையும், சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் கேட்டு வாங்குங்கள். நலமான நாய்க்குப் பிளேட்லெட் பொதுவாக இரண்டிலிருந்து ஐந்து லட்சம் வரை இருக்கும். ஒரு லட்சத்துக்குக் கீழே வந்தால், முதலில் காரணத்தைக் கண்டு மருந்து கொடுத்துத் தேற்றிவிட்டுத்தான் ஆபரேஷன். பரிசோதனை தேவையில்லை என்று சொல்லும் இடத்தில் கொஞ்சம் யோசியுங்கள். மூச்சுக்குழாயில் டியூப் போடுவார்களா, ஐசோஃப்ளூரேன் வாயு மயக்கம் உண்டா, வலிக்கு என்ன கொடுப்பார்கள் என்றும் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. நல்ல மருத்துவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

முந்தின இரவு பத்து மணிக்குள் கடைசிச் சாப்பாடு. காலையில் யாராவது பிஸ்கட் போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

வீட்டுக்கு வந்ததும் முதல் 24 மணி நேரம் யாராவது பக்கத்தில் இருங்கள். உள்ளே கட்டிய முடிச்சு நழுவினால் ரத்தம் வயிற்றுக்குள்ளேயே சேரும். ஈறு வெளிறுவது, காது மூக்கு சில்லிடுவது, வயிறு உப்புவது, எழுந்து நிற்க முடியாமல் சாய்வது ஆகியவை அதன் அடையாளம். அப்போது விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மற்றபடி தையல் பிரியும் வரை, அதாவது பத்துப் பதினான்கு நாள், கழுத்துக் கூம்பு கழற்றாமல் இருக்க வேண்டும். பாவமாக இருக்கிறது என்று பத்து நிமிடம் கழற்றினாலே போதும், நக்கிக் கடித்துத் தையலைப் பிரித்துவிடும். குளியல், சோபா ஏறல், மாடிப்படி எல்லாவற்றுக்கும் அந்த நாட்களில் தடை. வலிக்கு வீட்டில் இருக்கும் டைக்ளோஃபெனாக், புரூஃபென், பாராசிட்டமால் எதையும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம்.

நீண்ட காலத்தில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று எடை. ஆபரேஷனுக்குப் பிறகு பசி கூடும், செலவாகும் சக்தி குறையும். லாப்ரடார்களில் ஏறத்தாழ கால்வாசிக்குப் பசியை அடக்கும் மரபணு ஒன்றில் குறை இருப்பதைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016-ல் கண்டறிந்தார்கள். எனவே அளவை 20 முதல் 30 சதவீதம் குறைத்து, கப்பில் அளந்தே போடுங்கள். விலாவைத் தடவினால் அழுத்தாமலே எலும்பு தெரிய வேண்டும். மற்றொன்று, பெரிய உடல் கொண்ட பெட்டைகள் சிலவற்றுக்குத் தூக்கத்தில் சிறுநீர் கசியலாம். அதற்கு மருந்து உண்டு, பெரும்பாலும் கட்டுப்படும். அடித்துத் திருத்தும் பழக்கம் அல்ல அது.

இனி கடுவன். பெட்டைக்கு ஆபரேஷன் ஆகிவிட்டால் வீட்டுக்குள் குட்டிப் பயம் தீர்ந்தது. அவன் சுவர் தாண்டித் தெரு நாய்களோடு சேர்கிறான், வீடெல்லாம் காலைத் தூக்குகிறான் என்றால் விரை நீக்கம் பலன் தரும். தெருவில் இணை சேர்ந்து பரவும் பிறப்புறுப்புக் கட்டி இங்கே அதிகம் என்பதால், சுற்றும் கடுவனுக்கு அது கூடுதல் பாதுகாப்பும்கூட. ஒரு விரை இறங்காமல் வயிற்றிலேயே தங்கியிருந்தால் அதில் புற்றுக்கட்டி வரும் வாய்ப்பு அதிகம்; அவசியம் எடுக்க வேண்டும். ஆனால் பயத்தால் கடிக்கும் நாய் இதனால் சாந்தமாகிவிடாது. சிலவற்றுக்குப் பயம் கூடவும் செய்யும். இவை எதுவும் இல்லாமல் கட்டுப்பாட்டில் இருக்கும் நாய் என்றால் அப்படியே விடலாம், வயதான பிறகு மலம் கழிக்க முக்குகிறதா, சிறுநீரில் ரத்தம் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். அது புரோஸ்டேட் வீக்கமாக இருக்கலாம். அப்போது விரையை எடுத்தால் வீக்கம் வற்றிவிடும்.

செய்வதென்று முடிவெடுத்தால் இரண்டு தகவல்கள். ராஜபாளையம் கொழுப்புக் குறைந்த உடம்பு. தயோபென்டோன் மயக்கம் தெளிய நேரம் பிடிக்கலாம் என்பதால் இனத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விரையை எடுத்த பிறகும் குழாயில் மிஞ்சிய விந்தணுக்கள் சில வாரம் உயிரோடு இருக்கும். ஒரு மாதமாவது அவனை ஹீட்டில் இருக்கும் பெட்டையிடம் விடாதீர்கள்.