தலையில் அடியா? ஸ்கேனுக்கு முன்னால் ஃபேக்டர்

கேள்வி: பையனுக்கு ஆறு வயது, 20 கிலோ. ஹீமோபிலியா ஏ (ரத்தம் சரியாக உறையாத பிறவி நோய்), தீவிர வகை. போன வாரம் தறிக்குடோன் படியில் விழுந்து பின்மண்டையில் அடி. புடைப்பு இல்லை, விளையாடிக்கொண்டுதான் இருந்தான். அமுச்சி, ‘காலையில பாத்துக்கலாம்’ என்றார். வீட்டில் ஃபேக்டர் (ரத்தம் உறைவதற்கான மருந்து) இருக்கிறது, இவங்கப்பாவுக்கு ஊசி போடத் தெரியும். போட்டுவிட்டுக் கிளம்புவதா, ஸ்கேன் பார்த்துவிட்டுப் போடுவதா?
— வாசகி, அந்தியூர்

போட்டுவிட்டுத்தான் கிளம்பணுமுங்க. ரத்தம் உறைய உதவும் புரதமான ஃபேக்டர் 8, தீவிர வகையில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. மண்டைக்குள் ரத்தக் கசிவு மெதுவாகவும் சேரலாம். தலைவலி, வாந்தி, தூங்கி வழிதல், வலிப்பு எல்லாம் சில மணி நேரமோ சில நாளோ கழித்து வரலாம். புடைப்பு இல்லாததை வைத்து எதுவும் சொல்ல முடியாது. போன வாரத்து அடியை இன்னும் காட்டவில்லை என்றால், இன்றே காட்டுங்கள்.

கிலோவுக்கு 1 யூனிட் போட்டால் ஃபேக்டர் 8 சுமார் 2 சதவீதம் ஏறும். தலை அடிக்கு 100 சதவீதம் வரை ஏற்றப் பார்ப்போம். அப்படியானால் 20 கிலோ பையனுக்கு 1000 யூனிட், அதாவது 500 யூனிட் குப்பி இரண்டு. இந்த அளவை உங்கள் மருத்துவரிடம் இப்போதே கேட்டு எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். கலக்கும்போது குப்பியைக் குலுக்காமல் மெல்லச் சுழற்றுங்கள். இன்ஹிபிட்டர் (போடும் ஃபேக்டரை வேலை செய்யவிடாமல் உடலில் உருவாகும் எதிர்ப்பொருள்) இருந்தால் மருந்தே வேறு. ரத்தக்கசிவு வராமல் தடுக்க எமிசிசுமாப் ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளை என்றாலும் தலை அடியைச் சாதாரணமாக விடக்கூடாது.

அப்புறம் பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரியோ கோவையோ, ஃபேக்டரும் சி.டி. ஸ்கேனும் இருக்கிறதா என்று போனில் கேட்டுக்கொண்டு போங்கள். பையன் மயங்கினாலோ வலிப்பு வந்தாலோ 108. ஃபேக்டர் பாதியாகக் குறைய 8 முதல் 12 மணி நேரம்தான், சின்னப் பிள்ளைகளுக்கு இன்னும் சீக்கிரம். அதனால் ஸ்கேன் சரியாக இருந்தாலும் அடுத்த டோஸ், கண்காணிப்பு பற்றி மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். மீதிக் குப்பிகளை ஐஸ் பெட்டியில் எடுத்துப் போங்கள்.

அவசரப் பிரிவில் நுழைந்ததும், ‘ஹீமோபிலியா, தலையில் அடி’ என்று முதலில் சொல்லுங்கள். வழக்கப்படி இடுப்பில் டிடி ஊசியோ வலி ஊசியோ போட வருவார்கள், தடுத்துவிடுங்கள். தசையில் போடும் ஊசியே அங்கே ரத்தக்கட்டாகும். வலிக்கு பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வேண்டாம்.

காலிக் குப்பிகளையும் கொண்டு போங்கள். எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்று அதிலேயே எழுதியிருந்தால், பணியில் இருக்கும் மருத்துவர் அடுத்த டோஸுக்கு உங்களைக் கேட்டுக் குழம்ப வேண்டியதில்லை.