மேனேஜர் வாயால ஒண்ணு சொல்றாரு, மீட்டிங்ல மாத்திப் பேசுறாரு... வேலைய விட்டுடலாமா?

கேள்வி: எங்க மேனேஜர் எல்லாத்தையும் என் டெஸ்க் பக்கத்துல வந்து நின்னு வாயாலதான் சொல்லுவாரு. அப்புறம் மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் "நான் எப்போ அப்படி சொன்னேன்?"னு கேப்பாரு. டீம்ல ரெண்டு பேர் போயிட்டாங்க, அவங்க வேலையும் என் தலையில. எச்ஆர்கிட்ட சொன்னேன், மறுநாளே அவர் காதுக்குப் போயிருச்சு. ரிசைன் பண்ணவா, பல்லக் கடிச்சிட்டு இருக்கவா?

பதில்: ரெண்டுக்கும் முன்னாடி ஒரு வேலை இருக்குங்க. அவர் வாயால சொல்றத நீங்க எழுத்தா மாத்தணும். அவர் டெஸ்க்க விட்டு நகர்ந்ததும் ரெண்டு வரி மெயில்: "இப்போ பேசினபடி பழைய ரிப்போர்ட்ட நிறுத்திட்டு புதுசை வியாழக்கிழமைக்குள்ள முடிக்கிறேன், மாத்தம் இருந்தா சொல்லுங்க." அவ்ளோதான். புகார் தொனியே வரக்கூடாது, சிசில யாரையும் போடாதீங்க, போட்டா சண்டைக்கு இழுக்கிற மாதிரி ஆயிடும். அவர் பதிலே போடலைன்னாலும் பரவால்ல, அடுத்த தடவ "நான் எப்போ சொன்னேன்"னு ஆரம்பிச்சா "செவ்வாய்க்கிழமை மெயில் போட்டிருந்தேனே, ஓபன் பண்ணட்டுமா"ன்னு மெதுவா கேளுங்க. சில மேனேஜருங்க நாலஞ்சு மெயில்லயே உஷாராயிடுவாங்க. "எதுக்கு சும்மா சும்மா மெயில்"னு எரிஞ்சு விழுந்தாருன்னா, அது மறதி இல்ல, தெரிஞ்சேதான் பண்றாருன்னு நான் எடுத்துப்பேன்.

திட்டினது, அவமானப்படுத்தினது எல்லாம் வீட்ல ஒரு நோட்டுல எழுதி வைங்க. தேதி, நேரம், பக்கத்துல யார் இருந்தா, அவர் சொன்ன வார்த்தை அப்படியே. "சைக்கோ மாதிரி கத்தினாரு"ன்னு எழுதினா ஒண்ணுத்துக்கும் உதவாது. ஆனா கம்பெனி ஃபைல சொந்த மெயிலுக்கு ஃபார்வர்ட் பண்றது மட்டும் வேண்டவே வேண்டாம், அதை வச்சே உங்க மேல ஆக்‌ஷன் எடுத்துருவாங்க.

எச்ஆர் கம்பெனியோட ஆளு, அதை மனசுல வச்சிட்டு பேசுங்க. "அவர் மோசம்"னு போகாம "ஒரே ரிப்போர்ட்ட மூணு தடவ மாத்தினோம், மூணு பேர் வேலைல எதை முதல்ல முடிக்கட்டும், எதை விடட்டும்னு எழுத்துல சொல்லுங்க"ன்னு போங்க. வேலை அழுத்தத்த ஆராய்ச்சி பண்ணின ராபர்ட் காரசெக் 1979லயே அமெரிக்கா, ஸ்வீடன் தொழிலாளர் சர்வேய வச்சு சொன்னதுதான் இது: வேலை பளு ஜாஸ்தியா இருந்து, அதுல முடிவெடுக்கிற உரிமை கம்மியா இருந்தா அங்கதான் மனுஷன் ரொம்ப நொந்து போறான். உங்களுக்கு இப்போ ரெண்டுமே இருக்கு.

உடம்பையும் பாத்துக்கோங்க. தீராத அசதி, வேலை மேல வெறுப்பு, எதையும் உருப்படியா செய்யலைங்கிற நெனப்பு, இந்த மூணையும் சேத்துதான் உலக சுகாதார நிறுவனம் பர்ன்அவுட்னு சொல்லுது, 2022ல அமலுக்கு வந்த ஐசிடி-11ங்கிற அவங்களோட நோய், உடல்நலப் பிரச்சனைகள் பட்டியல்லயும் இருக்கு. தூக்கமே போச்சுன்னா டாக்டர பாருங்க, தள்ளிப்போடாதீங்க.

ரெண்டு மாசம் இப்படிப் பண்ணியும் ஒண்ணும் மாறலைன்னா கிளம்பிடுங்க, ஆனா அடுத்த ஆஃபர் லெட்டர் கைக்கு வந்தப்புறம். உங்க சம்பள ஸ்லிப், அப்ரைசல் லெட்டர் எல்லாம் ரிசைன் மெயில் அனுப்புறதுக்கு முன்னாடியே டவுன்லோட் பண்ணிக்கோங்க, லாகின எப்போ கட் பண்ணுவாங்கன்னு தெரியாது.